மகள் பிரசவத்துக்கு வருகிறாள், பூனையை ராத்திரி வெளியே விடலாமா?

திருநெல்வேலிக்கு வெளியே, வயலும் வாய்க்காலும் ஒட்டிய தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கால்நடை மருத்துவனான எனக்கு எழுதியிருக்கிறார். கடிதம் நீளம் என்பதால் சுருக்கித் தருகிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வீட்டில் மூன்று வயதுக் கடுவன் பூனை, பெயர் பட்டாணி. குட்டியாக இருந்தபோது மழை நாளில் வாசலில் வந்து ஒண்டியவன், அப்படியே தங்கிவிட்டான். தடுப்பூசி, கருத்தடை ஆபரேஷன் எதுவும் இதுவரை இல்லை. அடுப்படி ஜன்னல்தான் அவனுக்கு வாசல். இஷ்டத்துக்குப் போவான், வருவான். ராத்திரி பெரும்பாலும் கட்டில் காலடியில் தூங்குவான். மகளுக்கு இப்போது ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து, இன்னும் ஐந்து வாரத்தில் பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிறாள். "வயிற்றுப் பிள்ளைக்குப் பூனை ஆகவே ஆகாது, முதலில் அதை வெளியே அனுப்புங்கள்" என்று சம்பந்தியம்மா போனில் சொல்லிவிட்டார்.

கணவர் சமாதானமாக ஒரு வழி சொன்னார். பூனை ராத்திரி சுற்றுகிற பிராணிதானே, பகலில் வீட்டில் இருக்கட்டும், ராத்திரி வெளியே போகட்டும். அதன்படி மூன்று வாரமாக ஒன்பது மணிக்கு அவனை வெளியே விட்டு ஜன்னலைச் சாத்துகிறார்கள், விடிகாலை ஐந்து மணிக்குக் கதவைத் திறக்கிறார்கள். முதல் சில நாட்கள் கதவைப் பிறாண்டினான், அப்புறம் விட்டுவிட்டான். போன வாரம் ஒரு காலையில் இடது கன்னம் வீங்கி வந்து நின்றான். மஞ்சள் அரைத்துப் பூசினார்கள். "சரியாகச் சாப்பிடவில்லை, உடம்பு சுடுகிறது, காய்ச்சல் மாத்திரை கால் துண்டு கொடுக்கலாமா?" என்று கேட்கிறார். இதற்கு நடுவில் பின்வீட்டில் புறா வளர்ப்பவர், "இன்னொரு தடவை கூண்டுப் பக்கம் பார்த்தால் மருந்து வைத்துவிடுவேன்" என்று மிரட்டியிருக்கிறார். கணவரோ, ஆபரேஷன் செய்வது பாவம், எலி பிடிக்கவும் மாட்டான் என்கிறார். பேசாமல் மீன் மார்க்கெட்டில் விட்டுவிட்டால் பிழைத்துக்கொள்வான் என்றும் சொல்லிப் பார்த்திருக்கிறார். தங்கை வீட்டுக்கு அனுப்பலாமா என்பது கடிதத்தின் கடைசிக் கேள்வி.

அம்மா, உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே மாத்திரையைப் பற்றி மட்டும் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்கும் தெரியட்டும் என்று அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் அந்தக் கன்னம்

நாம் காய்ச்சலுக்குப் போடுகிற பாரசிட்டமால் பூனைக்கு விஷம். கால் துண்டு, அரைத் துண்டு என்ற கணக்கெல்லாம் இதில் கிடையாது. அதை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் ஈறு பழுப்பாகி, முகம் வீங்கி, மூச்சுத் திணறிச் சாகும். நீங்கள் கேட்டுவிட்டுக் கொடுக்கலாம் என்று நிறுத்திவைத்தீர்களே, அது போதும், அவன் பிழைத்தான்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அது சீழ்க்கட்டி. இன்னொரு கடுவன் கடித்திருக்க வேண்டும். பூனையின் கோரைப்பல் ஊசி மாதிரி மெல்லிசு. தோலில் விழும் ஓட்டை ஒரு நாளில் மேலே மூடிக்கொள்ளும், உள்ளே போன கிருமி அப்படியே தங்கிவிடும். இரண்டு மூன்று நாள் கழித்து வீக்கமும் சூடும் வரும். முடிக்குள் தேடினால் பொருக்குத் தட்டிய இரண்டு புள்ளிகள் தெரியும், அவ்வளவுதான். அதன்மேல் மஞ்சள் பூசி எதுவும் ஆகப்போவதில்லை, நக்கி வயிற்றுக்குள் தள்ளிவிடுவான். கட்டி உடைந்து நாற்றத்தோடு சீழ் வந்தால் 'சரியாகிவிட்டது' என்று விட்டுவிடாதீர்கள். அதைத் திறந்து கழுவ வேண்டும், ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டும். பினாயில், டெட்டால் போன்றவற்றை ஊற்றிக் கழுவும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. இரண்டுமே பூனைக்கு ஆகாதவை. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்துவிட்டு, அட்டைப் பெட்டியிலோ கூடையிலோ போட்டு அன்றைக்கே கொண்டுபோங்கள். உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்திலேயே பார்ப்பார்கள். இல்லையென்றால் ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது.

கடித்தது எது என்று நீங்கள் பார்க்கவில்லை. பூனையாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம், ஆனால் நாயாகவும் இருக்கலாம், கீரியாகவும் இருக்கலாம். பட்டாணிக்கு ரேபிஸ் ஊசி ஒன்றுகூடப் போட்டதில்லை. கர்ப்பிணி வருகிற வீடு என்று நீங்கள் கவலைப்படுகிற பட்டியலில் இது இல்லவே இல்லை. என்னைக் கேட்டால் முதலில் இருக்க வேண்டியது இதுதான். வெறிநாய்க்கடி நோய் என்று பெயர் இருப்பதால் நாயோடு மட்டும் சம்பந்தப்படுத்திக்கொள்கிறோம். பூனைக்கும் வரும், பூனை கடித்தும் பிறாண்டியும் மனிதருக்கு வரும், அறிகுறி தோன்றிவிட்டால் காப்பாற்ற வழியே இல்லை. ஆகவே மருத்துவரிடம், "ராத்திரி வெளியே கடிபட்டு வந்தான், எது கடித்ததென்று தெரியாது, ஊசி போட்டதில்லை" என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். கடிபட்ட பிராணிக்கும் தொடர் ஊசி உண்டு, எத்தனை, எந்தெந்த நாள் என்று அவர் முடிவு செய்வார். அதுவரை யாரும் அவனை முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்ச வேண்டாம். குரல் மாறுவது, காரணமில்லாமல் சீறுவது, எச்சில் ஒழுகுவது, நடை தள்ளாடுவது இவற்றில் எது தென்பட்டாலும் கையால் தொடாமல் அறையில் அடைத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

மருந்து போடும்போது உங்கள் கையில் கீறல் விழுந்தால் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே ஊசி இலவசம். கர்ப்பிணிக்கும் அந்த ஊசி போடலாம், போடத்தான் வேண்டும்.

மகளும் பூனையும்

சம்பந்தியம்மா சொன்னது முழுக்க மூடநம்பிக்கை இல்லை. டாக்சோபிளாஸ்மா என்று ஒரு ஒட்டுண்ணி இருக்கிறது. கர்ப்ப காலத்தில் ஒரு பெண்ணுக்கு அது முதல்முறையாகத் தொற்றினால் வயிற்றில் இருக்கும் பிள்ளையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கலாம். அது முட்டையிட்டுப் பெருகுவது பூனைக் குடும்பத்தின் குடலில் மட்டும்தான். இதுவரை சரி. இதற்கு மேல் அவர் எடுத்த முடிவு, அப்புறம் உங்கள் வீட்டுக்காரர் சொன்ன வழி, இரண்டும் தலைகீழாகப் போய்விட்டன.

பூனைக்கு அந்த ஒட்டுண்ணி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். எலியையும் பறவையையும் பிடித்துத் தின்பதிலிருந்து, பச்சைக் கறியிலிருந்து. முதல்முறை தொற்றும்போது ஒன்று முதல் மூன்று வாரம் அதன் மலத்தில் முட்டை வெளியேறும். பிறகு பெரும்பாலான பூனைகளுக்கு அது ஆயுளில் திரும்ப வருவதில்லை. வெளியேறிய முட்டை உடனே தொற்றாது. காற்றிலும் ஈரத்திலும் கிடந்து பழுக்கக் குறைந்தது ஒரு நாள், சில சமயம் ஐந்து நாள்கூட ஆகும். ஆகவே வீட்டுக்குள் ஒரு தட்டில் மண் போட்டு, அதில் பூனை போனதைத் தினமும் காலையில் வேறொருவர் அள்ளிக் கொட்டிவிட்டால் அந்த முட்டை தொற்றும் நிலைக்கு வருவதற்கே நேரமிருக்காது.

வெளியே விட்டால் அவன் எங்கே போகிறான்? கொல்லையில் கீரைப்பாத்தி போட்டிருப்பதாகக் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கொத்திவிட்ட ஈரமண் என்றால் பூனைக்கு அதைவிட வசதி வேறில்லை. தோண்டிப் போய்விட்டு மூடிவிட்டு வருவான், உங்களுக்குத் தெரியவே தெரியாது. அந்த முட்டை நிழலான ஈரமண்ணில் மாதக்கணக்கில், ஒரு வருஷத்துக்கு மேலும்கூட உயிரோடு கிடக்கும். மகள் வந்ததும் உடம்புக்கு நல்லது என்று அந்தப் பாத்தியிலிருந்துதான் கீரை பறித்துக் கொடுப்பீர்கள். ராத்திரி வெளியே விடுவதால் அவன் வேட்டையாடுவதும் கூடும், மலம் உங்கள் கண்ணுக்குப் படாத இடத்தில் விழுவதும் கூடும். எந்த ஆபத்தைத் தவிர்க்க அவனை வெளியே தள்ளினீர்களோ அதைக் கீரைக்கட்டோடு வீட்டுக்குள் கொண்டுவரும் ஏற்பாடு இது.

உண்மையில் பெரும்பாலானவர்களுக்கு இந்தத் தொற்று வருவது பூனையைத் தொடுவதாலோ மடியில் வைப்பதாலோ அல்ல. சரியாக வேகாத கறி, சரியாகக் கழுவாத காய்கறி, மண் அளைந்த கை, இவைதான் வழக்கமான வழிகள். மகள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: மண் தட்டைத் தொட வேண்டாம், தோட்ட வேலை வேண்டாம், சாப்பிடும் முன் கை கழுவ வேண்டும், கறி நன்றாக வெந்திருக்க வேண்டும். நீங்கள் கீரையை ஆய்ந்து இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, வேகவைத்தே கொடுங்கள். அவளுடைய மகப்பேறு மருத்துவரிடம், வீட்டில் பூனை இருக்கிறது, டாக்சோ ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். முன்பே தொற்றி எதிர்ப்புச் சக்தி வந்திருந்தால் பொதுவாகப் பிள்ளைக்குப் பயமில்லை. வரவில்லையென்றால் மேலே சொன்ன கவனங்கள் கூடுதலாக வேண்டும். அந்த முடிவு அந்த மருத்துவருடையது, நான் மாட்டு வைத்தியன்.

பிள்ளை பிறந்த பிறகு வேறு கவனம் தேவை. பூனை முடி குழந்தை வயிற்றில் போனால் இழுப்பு வரும் என்பார்கள். ஒவ்வாமை உண்டாக்குவது முடி இல்லை, பூனையின் எச்சிலிலும் தோலிலும் உள்ள ஒரு புரதம். குடும்பத்தில் ஆஸ்துமா இருந்தால் குழந்தை மருத்துவரிடம் சொல்லிவையுங்கள். என்னைக் கேட்டால் முடியைவிடத் தூளிதான் கவலை. தொங்குகிற, கதகதப்பான, பால் வாசனை அடிக்கிற துணி எந்தப் பூனையையும் இழுக்கும். குழந்தை தூங்கும் அறைக்கதவு சாத்தியே இருக்கட்டும். மகள் வருவதற்கு முன்பே, இன்றையிலிருந்தே, அந்த அறை அவனுக்கு இல்லை என்று பழக்கிவிடுங்கள். பிள்ளை வந்த பிறகு திடீரென்று அடைத்தால் கதவடியில் உட்கார்ந்து கத்துவான்.

'ராத்திரி சுற்றுகிற பிராணிதானே'

உங்கள் வீட்டுக்காரர் சொன்னது பாதி சரி. பூனை ராத்திரி முழுக்க விழித்திருக்கும் பிராணி அல்ல. அந்தி சாயும் நேரமும் விடியலுக்கு முந்தின நேரமும்தான் அதற்குச் சுறுசுறுப்பு அதிகம். எலி நடமாடும் நேரமும் அதுவே. மற்ற நேரத்தில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கும். பட்டாணியே இதற்குச் சாட்சி, மூன்று வருஷமாகக் கட்டில் காலடியில்தானே ராத்திரியைக் கழித்தான்.

இருட்டில் நன்றாகக் கண் தெரியும் என்பதும் சரி. நமக்குத் தேவைப்படும் வெளிச்சத்தில் ஆறில் ஒரு பங்கு அதற்குப் போதும். ஆனால் அதே கண்தான் எதிரே வரும் பைக்கின் முகப்பு விளக்கில் கூசிப்போய், ஓடுவதா நிற்பதா என்று தெரியாமல் நடுரோட்டில் பதுங்க வைக்கிறது. ராத்திரி அடிபட்டுக் காலையில் எங்களிடம் வரும் பூனைகளில் இளம் கடுவன்கள்தான் அதிகம். தாடை உடைந்து வரும், இடுப்பெலும்பு நொறுங்கி வரும். தெருநாய்கள் பகலில் கடை வாசலில் படுத்துக் கிடக்கும், ராத்திரி ஆளரவம் அடங்கியதும் கூட்டமாகக் கிளம்பும். ஏற மரமோ மதிலோ பக்கத்தில் இல்லாத வயல்வெளியில் ஒற்றைப் பூனை தப்புவது கஷ்டம்.

உங்கள் ஊருக்கென்று இன்னொன்றும் உண்டு. வயல், வாய்க்கால், எலி என்று இருந்தால் பாம்பும் இருக்கும். கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும் பாம்பு. பூனை சமர்த்தாக விலகிவிடும் என்று சொல்வார்கள். பல சமயம் விலகும், சில சமயம் விளையாடப் போகும். இன்னும் மோசம், பாதி உயிரோடு கவ்விக்கொண்டு ஜன்னல் வழியாக உள்ளே வந்து போடும். தரையில் பாய் விரித்துப் படுக்கும் வீட்டில் அது பூனையோடு முடிகிற சங்கதி அல்ல. வயலில் எலிக்கு வைக்கும் மருந்தும் அப்படித்தான். மருந்து தின்ற எலியை இவன் தின்றால் இவனுக்கும் ஏறும். சிலவகை எலிமருந்தில் இரண்டு மூன்று நாள் எதுவும் தெரியாது, அப்புறம் மூக்கிலும் ஈறிலும் ரத்தம் கசியும். சீக்கிரம் கொண்டுவந்தால் வைட்டமின் கே ஊசியால் காப்பாற்றலாம்.

கடுவன்கள் சண்டையில் பரவும் ஒரு வைரஸும் உண்டு, மனிதரின் ஹெச்ஐவிக்குச் சொந்தக்காரன் என்று சொல்லலாம். ஆழமான கடியில்தான் பரவுகிறது, பூனையின் எதிர்ப்புச் சக்தியை வருஷக்கணக்கில் அரிக்கிறது, மனிதருக்கு வராது. கன்னம் ஆறியபின், கடிபட்டு இரண்டு மாதம் கழிந்ததும் அதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

பிரிட்டனில் பெரும்பாலோர் பூனையைத் தோட்டத்தில் விட்டுத்தான் வளர்க்கிறார்கள், அமெரிக்காவில் முழுக்க வீட்டுக்குள் வைப்பவர்கள் அதிகம். அந்தப் பிரிட்டனிலும் பூனை நல அமைப்புகள் ராத்திரியில் மட்டுமாவது உள்ளே வையுங்கள் என்றுதான் சொல்கின்றன. உங்களுக்கும் நான் சொல்வது அதுவே. மூன்று வருஷம் திரிந்த கடுவனைப் பகலும் சேர்த்து அடைத்துப்போடச் சொல்ல மாட்டேன். சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்திலிருந்து நன்றாக விடியும்வரை உள்ளே. விடிகாலை ஐந்து மணிக்குத் திறப்பதும் வேண்டாம், அது அவனுடைய வேட்டை நேரம்.

உள்ளே வைப்பது எப்படி

கத்துவான். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரு வாரம், சிலசமயம் மூன்று வாரம். நடுராத்திரி கத்தினான் என்று ஒரே ஒரு தடவை எழுந்து கதவைத் திறந்தாலும், 'இன்னும் கொஞ்சம் கத்தினால் திறப்பார்கள்' என்று கற்றுக்கொள்வான். மறுநாள் இரண்டு மடங்கு கத்துவான். வீட்டில் இருவரும் ஒத்துப் பேசிவிட்டுத் தொடங்குங்கள், ஒருவர் கண்டிப்பு ஒருவர் இரக்கம் என்றால் நடக்காது.

நடக்க வைப்பது பசிதான். மத்தியானச் சாப்பாட்டைக் குறைத்து, பெரிய சாப்பாட்டை ராத்திரிக்கு வையுங்கள். ஆறு மணிக்கு ஒரு தகர டப்பாவில் நெத்திலிக் கருவாட்டைக் குலுக்கிக் கூப்பிட்டு, வந்ததும் ஒரு துண்டு கொடுங்கள். நான்கைந்து நாளில் அந்தச் சத்தத்துக்கே ஓடிவருவான். (கருவாடு கூப்பிட மட்டும். உப்பு அதிகம், அதையே சாப்பாடாக்கிவிடாதீர்கள்.) படுக்கும் முன் ஒரு கயிற்று நுனியில் துணி கட்டித் தரையில் இழுத்துப் பத்து நிமிஷம் பாயவிடுங்கள். பிறகு வெந்த மீனோ கோழியோ முள், எலும்பு எடுத்துவிட்டுக் கொடுங்கள். பாய்வது, பிடிப்பது, தின்பது, நக்கிக்கொள்வது, தூங்குவது, பூனையின் உடம்பு இந்த வரிசையில்தான் ஓடும். வயிறு நிறைந்து முகத்தை நக்கத் தொடங்கிவிட்டால் அன்றைக்குப் பெரும்பாலும் தொல்லையில்லை. பால் வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, ராத்திரி வயிற்றுப்போக்கு ஆனால் துடைக்கப்போவது நீங்கள்தான்.

மண் தட்டுக்குக் கடையில் விற்கும் பூனை மணல்தான் வேண்டும் என்பதில்லை. அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் நான்கு விரல்கடை உயரம் மணலோ தேங்காய் நார்த்தூளோ போட்டால் போதும். சாப்பாட்டுக்கு அருகில் வைத்தால் போக மாட்டான். பாத்தியின் மேல் கம்பி வலை விரித்துவிடுங்கள். அடுப்படி ஜன்னலுக்குக் கொசுவலை தாங்காது, ஒரே ராத்திரியில் கிழித்துவிடுவான். இரும்பு வலைதான். உங்கள் ஊர் வெயிலில் பூட்டிய சமையலறை ராத்திரியிலும் அடுப்பாகக் காயும். காற்று வரும் ஜன்னல் ஒன்று, தண்ணீர்க் கிண்ணம் இரண்டு, உயரத்தில் ஏறிப் படுக்க அலமாரித் தட்டு ஒன்று காலியாக இருக்கட்டும்.

உள்ளே வைப்பதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. சும்மா படுத்துத் தின்றால் குண்டாவான். கடுவன்களுக்குச் சிறுநீர் அடைப்பு வரும், ஓடியாடாமல் தண்ணீரும் குறைவாகக் குடிக்கும் பூனைகளில் அது அதிகம். மண் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்குகிறான், சொட்டுக்கூட வரவில்லை என்றால் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். அது அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அவசரம், ஒரு நாள் தாமதித்தால் உயிர் போகும்.

ஆபரேஷன் பாவமா?

உங்கள் வீட்டுக்காரரிடம் நேராகவே சொல்கிறேன் ஐயா. ஊசி போட்டு மயக்கி, வலி தெரியாமல் கொஞ்ச நேரத்தில் முடித்துவிடும் சின்ன அறுவை அது. சாயங்காலமே எழுந்து நடப்பான். கன்னத்தில் சீழோடு சுற்றுவதையும், தெருவில் ஒவ்வொரு ஈற்றிலும் நான்கைந்து குட்டிகள் பிறந்து பாதி மடிவதையும் ஒரு பக்கம் வைத்துப் பாருங்கள். எலி பிடிப்பது பசியாலும் பழக்கத்தாலும், அதற்கும் விதைக்கும் சம்பந்தமில்லை. ஆபரேஷன் ஆன பூனையும் எலி பிடிக்கும். குறைவது சண்டையும், ஊர் சுற்றலும், சுவரில் பீய்ச்சி அடிக்கும் அந்த நாற்றமும். ராத்திரி கத்தலும் பெரும்பாலும் குறையும், உள்ளே வைக்கப் போகிற உங்களுக்கு அது பெரிய உதவி.

கன்னம் ஆறியதும் செய்துவிடுங்கள், ஐந்து வாரத்துக்குள் முடித்துவிடலாம். உடம்பில் உள்ள ஹார்மோன் அடங்கச் சில வாரம் பிடிக்கும், மறுநாளே சாதுவாகிவிடுவான் என்று எதிர்பார்க்க வேண்டாம். பிறகு சாப்பாட்டைக் கால் பங்கு குறையுங்கள். அதே சமயத்தில் பூனைகளுக்கான மூன்று நோய்த் தடுப்பூசி, குடற்புழு மருந்து இரண்டையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். ரேபிஸ் ஊசி வருஷா வருஷம். உண்ணி, தெள்ளுப்பூச்சிக்கு என்று நாய்க்கு வாங்கிய மருந்தை இவன்மேல் தடவிவிடாதீர்கள். அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனைக்கு வலிப்பு வரும்.

புறா வீட்டுக்காரர்

நான் வக்கீல் இல்லை, தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவுப்படி ஒரு பிராணியை விஷம் வைத்துக் கொல்வதற்கு ஐந்து வருஷம்வரை சிறைத்தண்டனை உண்டு. 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டமும் இதற்குப் பொருந்தும். அதில் முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய், அறுபது வருஷத்துக்கு மேலாகியும் அந்த ஐம்பதைத் தாண்டவில்லை! அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: பட்டினியால் வாடும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவதும் குற்றம். ஆக மீன் மார்க்கெட் யோசனை உங்கள் வீட்டுக்காரரையும் அதே சட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தும். அங்கே ஏற்கெனவே எல்லை பிரித்து வைத்திருக்கும் கடுவன்கள் புதியவனை விட்டுவைக்கவும் மாட்டா.

ஆனால் போலீஸ், சட்டம் என்று அந்த மனிதரிடம் தொடங்காதீர்கள். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. பார்த்துப் பார்த்து வளர்த்த புறாவைக் காலையில் இறகும் ரத்தமுமாகப் பார்ப்பவருக்குக் கோபம் வராதா? ஜெர்மனியில் வால்டார்ஃப் என்ற ஊரில் 2022-இல், தரையில் கூடு கட்டும் கொண்டை வானம்பாடிகளைக் காப்பாற்ற, அவை குஞ்சு பொரிக்கும் மாதங்களில் பூனைகளை வெளியே விடக்கூடாது என்று உத்தரவே போட்டார்கள். ஆஸ்திரேலியாவின் கான்பராவில் 2022 ஜூலை 1 முதல் பிறந்த பூனைகளை வீட்டு எல்லைக்குள்தான் வைத்திருக்க வேண்டும். பூனை வளர்ப்பவருக்குத்தான் பொறுப்பு என்று அங்கே முடிவு செய்திருக்கிறார்கள், எனக்கும் அதில் உடன்பாடுதான்.

நீங்கள் ஆசிரியையாக இருந்தவர், பேசத் தெரிந்தவர். நேரில் போய், "ராத்திரி இனி உள்ளேதான் இருப்பான், ஆபரேஷனும் செய்யப் போகிறோம், கூண்டுக்கு நெருக்கமான கம்பி வலை அடிக்க ஆகும் செலவில் பாதியை நாங்கள் தருகிறோம்" என்று சொல்லுங்கள். விஷம் வைத்தால் தெருவில் ஓடியாடும் பிள்ளைகள் கையிலும் அது படும் என்பதையும் மெதுவாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் இதோடு தணிந்துவிடும். தணியாமல் மறுபடியும் மிரட்டினால் தேதியோடு எழுதிவைத்துக் காவல் நிலையத்தில் மனுவாகக் கொடுக்கலாம்.

தங்கை வீடு

அனுப்பலாம், ஆனால் முதல் வழியாக அல்ல. பூனை ஆளோடு ஒட்டுவதைவிட இடத்தோடு அதிகம் ஒட்டும். புது வீட்டில் குறைந்தது இரண்டு மூன்று வாரம் கதவைத் திறக்காமல் உள்ளேயே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய வீட்டைத் தேடிக் கிளம்பிப் பாதி வழியில் தொலைவான். தங்கை வீட்டில் ஏற்கெனவே ஒரு பூனை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கடிபட்ட, ஊசி போடாத கடுவனை அதனோடு சேர்ப்பது இப்போதைக்கு நல்லதல்ல. மகளின் மருத்துவர் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டுப் பிரித்து வைக்கத்தான் வேண்டும் என்று சொன்னாலோ, ராத்திரிக் கத்தலில் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லாமல் போனாலோ, ஆபரேஷனும் ஊசியும் முடிந்த பிறகு, அங்கே தனி அறை ஒன்று ஒழித்துக்கொடுக்க முடிந்தால் மட்டும் அனுப்புங்கள். அவன் விரித்துப் படுக்கும் பழைய சாக்கைத் துவைக்காமல் கூடவே கொடுத்துவிடுங்கள்.

சம்பந்தியம்மாவிடம் மாப்பிள்ளை மூலமாகச் சொல்லி அனுப்பாமல் நீங்களே பேசுவது நல்லது. ஊசிச் சீட்டும், மகளுடைய பரிசோதனை முடிவும் கையில் வந்த பிறகு பேசுங்கள்.